காதில் விழுகிறது, ஆனால் புரியவில்லை: அப்பாவின் கருவி ஏன் அலமாரிக்குப் போனது?

உங்கள் அப்பாவுக்கு 74 வயது. சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாலாயிரம் வெள்ளிக்கு மேல் செலவழித்து இரண்டு காதுகளுக்கும் கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தீர்கள். இரண்டு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, "சத்தந்தான் கேக்குது, பேச்சு புரியல" என்று கழற்றி அலமாரியில் வைத்தவர் இன்றுவரை அதைத் தொடவில்லை. அறுவை சிகிச்சை செய்தால் காது திரும்புமா, கருவி போடாமலே இருந்தால் மறதி நோய் வருமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு நடுவே, போகிற போக்கில், "இது அவருடைய பிடிவாதமா, இல்லை கருவியின் கோளாறா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செவித்திறனைச் சோதிப்பதும் கருவி பொருத்துவதும் எனக்கு இருபது ஆண்டுத் தொழில். நான் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் இல்லை. உங்கள் அப்பாவின் காதையோ அவருடைய ஆடியோகிராமையோ (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) பார்த்ததும் இல்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனாலும் ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்வேன்: சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை என்று அவர் சொன்னது சாக்குப்போக்கு இல்லை. உட்காது தேய்ந்த ஒருவர் தம் நிலையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. "காதில் விழுந்தது" என்பதும் "விளங்கியது" என்பதும் தமிழில் வேறு வேறு. உடலுக்குள்ளும் அவை வேறு வேறுதான்.

ஒலி செவிப்பறையில் மோதி, மூன்று சிற்றெலும்புகளின் வழியே உட்காதுக்குப் போகிறது. அங்கே நத்தை ஓட்டைப் போல இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் வரிசை வரிசையாக மயிர்ச்செல்கள் நிற்கின்றன: உள்வரிசையில் ஏறக்குறைய 3,500, வெளிவரிசைகளில் ஏறக்குறைய 12,000. நுழைவாயிலுக்கு அருகில் இருப்பவை கீச்சென்ற ஒலிகளையும், சுருளின் உச்சியில் இருப்பவை கனத்த ஒலிகளையும் பற்றிக்கொள்கின்றன. மூளைக்குச் செய்தி அனுப்புபவை உள்வரிசைச் செல்கள். வெளிவரிசைச் செல்களோ மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கின்றன, அடுத்தடுத்த சுருதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பிரித்தும் வைக்கின்றன. இரைச்சலால் முதலில் அடிபடுபவை பெரும்பாலும் இந்த வெளிவரிசைச் செல்களே. கோழி முதலான பறவைகளுக்கு மயிர்ச்செல் அழிந்தால் மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை.

கப்பல் பட்டறை என்று நீங்கள் எழுதியதும் எனக்குக் கண்முன் வந்தது ஒரு வரைபடம். இரும்புத் தகட்டில் கிரைண்டர் ஓடும் இடத்தில், அதுவும் மூடிய தொட்டிக்குள், ஓசை 100 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். சிங்கப்பூரின் வேலையிட விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு ஒரு நாளில் கால் மணி நேரந்தான். அந்தத் தலைமுறைத் தொழிலாளர் பலர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்த்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பஞ்சு பெரிதாக எதையும் தடுத்திருக்காது. இப்படிப்பட்டவர்களின் ஆடியோகிராமில் தாழ்ந்த ஒலிகளின் பக்கம் கோடு ஓரளவு நன்றாகவே இருக்கும். 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை, குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸில், பள்ளமாக இறங்கும் (ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு, எண் கூடக் கூட ஒலி கீச்சென்றிருக்கும்). வயதாக ஆக அந்தப் பள்ளம் அகன்று, உயர் ஒலிகளைக் காட்டும் வலப்பக்கம் முழுவதும் சரிந்துவிடும்.

அந்தச் சரிவு தமிழ்ப் பேச்சை என்ன செய்கிறது என்று பாருங்கள். கடை, படை, தடை, சடை. நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், முதல் மெய்யைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருப்பது தெரியும். உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. அங்கே உங்கள் அப்பாவின் காது ஓரளவு வேலை செய்யக்கூடும். க, ச, த, ப என்று பிரித்துக் காட்டும் நுண்ணிய அடையாளங்களில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஆகவே நீங்கள் நான்கு சொற்களைச் சொல்ல, அவருக்கு "அடை" என்பதே நான்கு முறை கேட்கிறது. மற்றதை அவர் மூளை ஊகிக்கிறது. அமைதியான அறையில், முகம் பார்த்து, தெரிந்த விஷயத்தைப் பேசினால் ஊகம் பலிக்கும். பொங்கலுக்கு இருபது பேர் கூடிய வரவேற்பறையில் பலிக்காது. நாள் முழுவதும் ஊகித்துக்கொண்டே இருப்பது களைப்பான வேலை. மாலையானால் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அதை இந்தக் களைப்போடு சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் உங்கள் வீட்டில் நீங்கள் பார்த்திருக்கலாம். "கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்பார், நீங்கள் குரலை உயர்த்தியதும் "ஏன் இப்படிக் கத்துற?" என்று முகம் சுளிப்பார். இது முரண்டு இல்லை. வெளிவரிசைச் செல்கள் போனால் மெல்லிய ஒலி காதில் விழாது, ஆனால் உரத்த ஒலி நல்ல காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்குமோ ஏறக்குறைய அவ்வளவு உரக்கவே கேட்கும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அவருக்குச் சுருங்கிப்போயிருக்கிறது. கருவியின் கடினமான வேலை எல்லா ஒலிகளையும் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் அடக்கித் தருவதுதான். இணையத்தில் ஐம்பது வெள்ளிக்கு விற்கும் ஒலிபெருக்கிகளில் பல எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெருக்குவதால், அவை தட்டு விழும் ஓசையைத் தாங்க முடியாததாக்கும், பேச்சைத் தெளிவாக்காது.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை, கருவியில் கோளாறு இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அது எப்படி அமைத்துத் தரப்பட்டது, பிறகு எத்தனை முறை திருத்தப்பட்டது என்பதைத்தான் முதலில் கேட்பேன். கண்ணாடியைப் போட்டதும் எழுத்து தெளிவது போலக் காதுக் கருவியும் போட்ட அன்றே பலன் தரும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். கண்ணாடி சரிசெய்வது ஒளி விழும் இடத்தை. பார்க்கும் செல்கள் அங்கே நன்றாக இருக்கின்றன. இங்கே கேட்கும் செல்களே குறைந்துவிட்டன. கருவியால் ஒலியைக் கொண்டுவந்து சேர்க்க முடியும். சுருதிகளைப் பிரித்துப் பார்க்கும் கூர்மையை முழுமையாகத் திருப்பித் தர முடியாது. இதை வாங்கும்போதே யாராவது உங்கள் அப்பாவிடம் அவருக்குப் புரியும்படி சொல்லியிருந்தால், அந்த இரண்டாவது வாரத்தை அவர் கடந்திருக்கக்கூடும்.

அமைப்பது என்று நான் சொல்வது இதை: மெல்லிய சிலிகோன் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வைத்து, கருவியையும் போட்டுவிட்டு, அந்தக் காதுக்குள் உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று ஒவ்வொரு சுருதியிலும் அளக்க வேண்டும். ரியல் இயர் அளவீடு என்று இதைச் சொல்வோம். பத்துப் பதினைந்து நிமிட வேலை. அது இல்லாமல், கணினி தானாகப் போட்ட கணக்கோடு அனுப்பிவிட்டால், உயர் ஒலிகள் பெரும்பாலும் தேவையைவிடக் குறைவாகவே கிடைக்கும். அதாவது கடைக்கும் படைக்கும் உள்ள வேறுபாடு அப்போதும் வந்து சேராது. அடுத்த சந்திப்பில் "ரியல் இயர் அளந்தீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

சோதனை எந்த மொழியில் நடந்தது என்பதும் முக்கியம். தொழிலுக்கு வந்த புதிதில், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரை ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்துச் சோதித்தேன். இருபத்தைந்து சொற்களில் ஒன்பதைத்தான் திருப்பிச் சொன்னார். சொல் விளங்கும் திறன் மிகக் குறைவு, கருவியால் பயன் இராது என்று குறிப்பும் எழுதிவிட்டேன். வெளியே காத்திருந்த மகள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு இந்த வார்த்தையெல்லாம் தெரியவே தெரியாதே" என்றார். மறுவாரம் அம்மையாரை வரவழைத்து, கதவு, தயிர், பாட்டு, சாவி என்று அவர் அன்றாடம் புழங்கும் சொற்களைக் கொண்டு மறுபடி பார்த்தேன், பத்தொன்பது சரி. நான் அளந்தது அவர் காதை அல்ல, அவருடைய ஆங்கிலத்தை. எல்லா இடங்களிலும் முறைப்படி தரப்படுத்திய தமிழ்ச் சொற்பட்டியல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தமிழ் பேசும் ஊழியர் யாராவது உடனிருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

பழகும் காலத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கருவியைப் போட்டுக்கொண்டே இருந்தால் வாராவாரம் பேச்சு மேலும் மேலும் விளங்கும் என்று சிலர் உறுதி கூறுவதுண்டு. ஆய்வுகள் அதை ஒரே குரலில் ஆதரிக்கவில்லை. ஆனால் முதலில் தொல்லையாக இருக்கும் ஓசைகள் நாளடைவில் பின்னுக்குப் போய்விடுவதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் கேளாமல் இருந்த ஒருவருக்கு முதல் நாள் திகைப்பாக இருக்கும். பெரியவர் ஒருவர் கருவியோடு என் அறையை விட்டு வெளியே போனவர் நின்று, காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, "என் செருப்புக்குச் சத்தம் உண்டுங்கிறதே மறந்துபோச்சு" என்றார். மின்விசிறி, பிளாஸ்டிக் பை, தாம் மெல்லும் முறுக்கு எல்லாம் அவர் தலைக்குள் ஒரே நேரத்தில் பேசும். ஆகவே முதல் வாரம் வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். பிறகு மெல்லக் கூட்டலாம். காப்பிக்கடையையும் உணவங்காடி நிலையத்தையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நல்ல காதுள்ளவர்களே திணறுகிறார்கள்.

ஒரு சிறு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அலமாரிக்குப் போகும் கருவிகளில் பல அதனால்தான் போகின்றன. உங்கள் அப்பாவால் அதைத் தாமே மாட்டிக்கொள்ள முடிகிறதா? ஆண்டுக்கணக்கில் அதிரும் கருவிகளைப் பிடித்தவர்களுக்கு விரல் நுனியில் உணர்ச்சி மந்தமாக இருக்கலாம். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மின்கலத்தை மாற்றத் தெரியவில்லை என்று மகளிடம் சொல்ல ஒரு தந்தைக்குக் கூச்சமாக இருக்கும். "புரியல" என்று சொல்வது எளிது. மின்கலம் மாற்றத் தேவையில்லாத, இரவில் பெட்டியில் வைத்தாலே மின்னேறும் வகைகள் இப்போது நிறையக் கிடைக்கின்றன.

அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். ஒலி உட்காதுக்குப் போய்ச் சேரும் வழியில் தடை இருந்தால், மருத்துவர்களால் பெரும்பாலும் உதவ முடியும். காதுக்குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிடலாம். செவிப்பறை கிழிந்திருந்தால் ஒட்டுத் திசு வைத்து மூடலாம். கடைசிச் சிற்றெலும்பு இறுகிப்போயிருந்தால் அதை நீக்கிச் செயற்கைத் துண்டு வைக்கும் சிகிச்சை 1956 முதல் நடந்துவருகிறது. மயிர்ச்செல் இழப்புக்கு அப்படி ஓர் அறுவை சிகிச்சை இல்லை. வயதாலோ இரைச்சலாலோ போன காதை மீட்டுத் தரும் மருந்தும் நடைமுறையில் இல்லை. காக்லியர் இம்ப்ளாண்ட் என்பது அழிந்த செல்களைத் தாண்டி, மின்முனைகள் வழியே நரம்பை நேரடியாகத் தூண்டும் ஏற்பாடு. 74 வயது அதற்குத் தடை இல்லை. ஆனால் நன்றாக அமைத்த கருவியாலும் போதிய பயன் பெறாதவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பார்கள். பொருத்திய பின் மாதக்கணக்கில் கேட்கப் பயில வேண்டும். 2024இல் சீனாவிலிருந்து மரபணுச் சிகிச்சை பற்றி வந்த செய்தியை உங்கள் அண்ணன் அனுப்பியிருக்கிறார். அந்த ஆய்வு உண்மையானது, மகிழ்ச்சி தருவது. ஆனால் அது ஓடிஓஎஃப் என்ற ஒரு மரபணுவின் குறையால் பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கானது. உங்கள் அப்பாவின் காதுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். காதில் எண்ணெய் காய்ச்சி விடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், செவிப்பறை முழுதாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்துங்கள். ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ்பிடிக்க வாய்ப்பாகும். ஒரு காது மட்டும் ஓரிரு நாளில் திடீரென்று மந்தமானால், அது சளியடைப்பு என்று காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு சிகிச்சை இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் நடுக்காதில் நீர் கோத்து நீங்காமலிருந்தால், மூக்கின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வளரும் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். சீனர்களிடையே அந்நோய் அதிகம் என்றாலும் மற்றவர்களுக்கு வராது என்றில்லை.

மறதி நோய் பற்றிய அச்சத்தில் நிலையானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நடுவயதிலிருந்து கேட்கும் திறன் குறைந்தவர்களிடம் முதுமை மறதி கூடுதலாகக் காணப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது; லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017 முதல் அதைத் தவிர்க்கக்கூடிய அபாயங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா, எவ்வழியில் காரணம் என்பது இன்னும் தீரவில்லை. கருவி போட்டால் தடுக்க முடியுமா என்று 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. மூன்று ஆண்டு முடிவில், எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே அபாயம் கூடுதலாக இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் நினைவுத்திறன், சிந்தனைத்திறன் சரிவு 48 விழுக்காடு மெதுவானது. ஆகவே "போடாவிட்டால் மறதி வரும்" என்று அப்பாவைப் பயமுறுத்தாதீர்கள். அது நிறுவப்பட்ட உண்மை இல்லை. பேத்தியோடு பேசுவதற்காகப் போடச் சொல்லுங்கள். அந்தக் காரணமே போதுமானது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் பெரிதாக உதவும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் ஓட்டுத் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியை எதிரொலித்துக் கலக்குகின்றன. மேலே விசிறி, ஓரத்தில் தொலைக்காட்சி, பின்னால் சமையலறைக் குழாய். பேசும்முன் தொலைக்காட்சியை அணையுங்கள். பெயர் சொல்லி அழைத்து, அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேசுங்கள். கத்த வேண்டாம், சற்று நிதானமாகப் பேசினால் போதும். புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லாமல் வாக்கியத்தை மாற்றுங்கள்: "கடைக்குப் போறேன்" விழவில்லை என்றால் "சாமான் வாங்கப் போறேன்". "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்னிடம் வரும் பெரியவர்கள் கண் கலங்கிச் சொல்வது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

செலவைப் பற்றி: பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். புதுக் கருவிதான் தேவை என்று முடிவானால், 60 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு உதவிச் சாதனங்களுக்கான அரசாங்க நிதி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை அது ஏற்கும். மருத்துவமனையின் மருத்துவ சமூக சேவையாளர் விண்ணப்பிக்க உதவுவார். ஆனால் மூன்று ஆண்டே ஆன கருவியைத் தூக்கியெறிய எனக்கு மனமில்லை. முதலில் அதையே சரிசெய்து பார்க்கச் சொல்வேன்.

அதை அலமாரியிலிருந்து எடுத்த கையோடு அப்பாவின் காதில் மாட்டிவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மூன்று ஆண்டு கிடந்தது. மின்கலம் உள்ளேயே இருந்திருந்தால் கசிந்து பச்சையாகப் பூத்திருக்கும், ஒலி வரும் முனையில் குறும்பி காய்ந்து அடைத்திருக்கும். மின்கலக் கதவைத் திறந்து, உலர்த்தும் மணிகள் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு இரண்டு கருவிகளையும், பழைய ஆடியோகிராமையும், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் பேத்தியையும் அழைத்துப் போங்கள். கருவியை அமைத்து முடித்ததும் முதலில் பேசும் குரல் அவளுடையதாக இருக்கட்டும். கீச்சென்ற குழந்தைக் குரல் விளங்குகிறதா என்பதை அங்கேயே பார்த்து, வேண்டிய திருத்தத்தை அப்போதே செய்யச் சொல்லலாம்.